மோட்டார்ஹோம் பின்னாடி இழுக்குற காரோட பிரேக் தகராறு: அறிகுறி வச்சு காரணத்தைப் பிடிக்கிறது, எந்த சிஸ்டம் ஒத்துவரும்னு முடிவு பண்றது

அமெரிக்காவுல மோட்டார்ஹோமுக்கு (உள்ளயே வீடு மாதிரி வசதி உள்ள வண்டி) பின்னாடி நாலு வீலும் ரோட்டுல உருள கார் இழுத்துட்டுப் போறவங்க நிறைய பேர், அந்தக் காரோட பிரேக்கைப் போட வைக்கிற சிஸ்டம் வாங்கும்போது விலையையும் நாலு பேர் போட்ட ஸ்டாரையும் மட்டும் பார்த்து வாங்கிடுறாங்க. அப்புறம் வீல்ல தீயுற வாசம் வருது, கார் பேட்டரி செத்துப்போச்சு, பிரேக்கே பிடிக்கலன்னு ஒவ்வொண்ணா ஆரம்பிக்கும். பெரும்பாலும் அந்த சிஸ்டம் கெட்டுப்போயிருக்காது. மோட்டார்ஹோம்ல இருக்கிறது ஏர் பிரேக்கா (காத்தழுத்தம்) ஹைட்ராலிக்கா (திரவ அழுத்தம்), கார்ல இருக்கிற பூஸ்டர் (கால் அமுக்குற பலத்தைக் கூட்டிக் கொடுக்கிறது) என்ன மாதிரி, வாங்கின சிஸ்டம் எதைப் பார்த்து "இப்ப பிரேக் போடணும்"னு முடிவு பண்ணுது, இந்த மூணும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகலன்னாதான் தொல்லை வரும். அதனால அறிகுறி வாரியா எழுதுறேன், எதை சரிபண்ணினா போதும், எதுக்கு சிஸ்டத்தையே மாத்தணும்னு அங்கங்க சொல்றேன். இன்னும் வாங்காதவங்களும் இதைப் படிச்சிட்டு வாங்கினா காசு மிச்சம்.

"என் மோட்டார்ஹோம் இவ்ளோ பெருசு, பின்னாடி ஒரு சின்ன கார், அதுக்கு எதுக்கு தனி பிரேக்"னு கேக்குறவங்களுக்கு ஒரு கணக்கு. ஃபோர்டு எஃப்-53 சேஸில வர்ற பெட்ரோல் மோட்டார்ஹோம் ஒண்ணை எடுத்துக்கங்க, வண்டியோட உச்ச எடை 22,000 பவுண்டு, வண்டியும் இழுக்குறதும் சேர்ந்து 26,000 பவுண்டு. ஆக ஃபுல் லோடுல இருந்தா பின்னாடி 4,000 பவுண்டுதான் இழுக்கலாம், ஹிட்ச் (பின்னாடி இழுக்குறதை மாட்டுற இடம்) மேல 5,000னு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாலும் சரி. நாலு கதவு ஜீப் ராங்ளர் அந்த 4,000-ஐத் தாண்டிரும். மோட்டார்ஹோமோட பிரேக் அதோட சொந்த எடையை நிறுத்துறதுக்குத்தான் கணக்குப் போட்டு வச்சது, பின்னாடி வர்ற எடைக்கு இல்ல. ஃபோர்டோட டோயிங் கைடே 1,500 பவுண்டுக்கு மேல இழுத்தா தனி பிரேக் வேணும்னு சொல்லுது. சட்டம் ஒவ்வொரு ஸ்டேட்டுக்கும் வேற மாதிரி, பல இடத்துல 3,000 பவுண்டு, சில இடத்துல அதைவிடக் கம்மி. நீங்க போற வழியில பல ஸ்டேட் வரும், அதனால எது கடுமையோ அதுக்கு ஏத்த மாதிரி தயாரா இருக்கிறதுதான் நல்லது.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு சின்ன டெஸ்ட்

கார் இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு பிரேக் பெடலை காலால அமுக்கி அமுக்கி விடுங்க. சாதாரண வேக்யூம் பூஸ்டர் (இன்ஜின் உண்டாக்குற வெற்றிடத்துல வேலை செய்யறது) கார்ல முதல் ஒண்ணு ரெண்டு தடவை மெதுவா உள்ள போகும், அப்புறம் பூஸ்டர்ல இருந்த வேக்யூம் தீர்ந்து பெடல் கல்லு மாதிரி ஆயிரும். சில ஹைப்ரிட், எலெக்ட்ரிக் பூஸ்டர் கார்ல எத்தனை தடவை அமுக்கினாலும் பெடல் இளகியே இருக்கும், ஏன்னா பெடல் அசைஞ்சதும் பூஸ்டர் பேட்டரி கரண்ட்ல முழிச்சுக்கும். உங்க கார் எந்த ரகம்னு இதுலயே தெரிஞ்சிரும், கீழ வர்ற பாதி பிரச்சனைக்கு இதுதான் சாவி.

சிஸ்டம்ல நாலு விதம் இருக்கு, பேரைச் சொன்னாத்தான் கீழ எழுதுறது புரியும். ஒண்ணு, டிரைவர் பக்கம் தரையில வச்சு பெடல்ல கிளாம்ப் மாட்டுற பொட்டி: பிரேக் பட்டி (Brake Buddy), ப்ளூ ஆக்ஸ் பேட்ரியட், ஆர்விஐ பிரேக் எல்லாம் இந்த ரகம். ரெண்டு, கார்லயே நிரந்தரமா மாட்டிடுறது: ரோட்மாஸ்டர் இன்விசிபிரேக், டெம்கோ ஸ்டே-இன்-பிளே டுவோ. மூணு, ஏர் பிரேக் உள்ள மோட்டார்ஹோம்ல இருந்து காத்தை எடுத்து வேலை செய்யறது: ஏர் ஃபோர்ஸ் ஒன், எம் அண்ட் ஜி. நாலு, டோ பார்லயே (மோட்டார்ஹோமையும் காரையும் இணைக்கிற கம்பி) சர்ஜ் மெக்கானிசம் வச்சு, கார் முன்னாடி தள்ளும்போது ஒரு கேபிள் பெடலை இழுக்குறது: ரெடி ப்ரூட்.

அறிகுறி: கார் பிரேக்கே போடல, பின்னாடி இருந்து தள்ளுது

காலியான பார்க்கிங் லாட்ல 20 மைல் ஸ்பீடுல போய் பிரேக் போடுங்க, வெளிய ஒருத்தரை நிறுத்தி கார் வீலைப் பார்க்கச் சொல்லுங்க. டாஷ்ல வர்ற மானிட்டர் லைட்டை மட்டும் நம்பாதீங்க, அது பெடல் அசைஞ்சதுன்னுதான் சொல்லுது, ரோட்டரை (வீலோட சுத்துற தட்டு) பேட் கடிச்சதுன்னு சொல்லல. ரிமோட்ல கையால போடுற பட்டன் இருந்தா மெதுவா போகும்போது அதை அமுக்குங்க, வண்டியை யாரோ பின்னாடி பிடிச்சு இழுக்குற மாதிரி தெரியணும். தெரியலன்னா கீழ இருக்கிறதை வரிசையா பாருங்க.

பொட்டி ரகம்னா முதல் சந்தேகம் 12 வோல்ட் சாக்கெட். நிறைய கார்ல சாவியை எடுத்ததும் சாக்கெட் செத்துரும், சிலதுல கொஞ்ச நேரம் ஓடி அப்புறம் கட் ஆகும். கிளம்பும்போது பொட்டியில லைட் எரிஞ்சிருக்கும், அரை மணி கழிச்சு அது வெறும் பொட்டி. மல்டிமீட்டரை சாக்கெட்ல வச்சு அரை மணி நேரம் விட்டுப் பாருங்க. அப்படி கட் ஆனா பேட்டரில இருந்து நேரா ஃப்யூஸ் போட்டு தனி சாக்கெட் ஒண்ணு இழுத்துக்கங்க, அதிகம் செலவாகாது. இன்னொண்ணு, கம்ப்ரஸர் ஓடும்போது கரண்ட் நிறைய இழுக்கும், அதே சர்க்யூட்ல வேற சார்ஜர் மாட்டியிருந்தா ஃப்யூஸ் போயிரும்.

ரெண்டாவது, பொட்டி நகர்ந்துருச்சு. பெடலை எவ்ளோ பலமா தள்ளுதோ அதே பலத்துல பொட்டியும் பின்னாடி தள்ளப்படும், அதுக்கு முட்டுக்கொடுக்கிறது டிரைவர் சீட்தான். அடியில கார் மேட் இருந்தா வழுக்கும், முதல்ல மேட்டை எடுத்துருங்க. சீட்டை நல்லா முன்னாடி நகர்த்தி பொட்டியோட முதுகுல ஒட்டின மாதிரி வைங்க. இங்க ஒண்ணு கவனிங்க, சில கார்ல சாவியை எடுத்தாலோ கதவைத் திறந்தாலோ இறங்குறதுக்கு வசதியா சீட் தானா பின்னாடி போகும். நீங்க எல்லாம் செட் பண்ணிட்டு கதவை மூடிட்டு வந்துருவீங்க, சீட் ரெண்டு இஞ்ச் நகர்ந்திருக்கும், பொட்டி பெடலை அமுக்குறதுக்குப் பதிலா தன்னையே பின்னாடி தள்ளிக்கும். கார் செட்டிங்க்ஸ்ல அதை ஆஃப் பண்ணிருங்க.

மூணாவது, பெடல் கல்லா இருக்கு, அழுத்தம் பத்தல. வேக்யூம் இல்லாத பெடலை நிஜமா பிடிக்க வைக்க நிறைய ஃபோர்ஸ் வேணும். பிரஷரை ஒரு நிலை கூட்டிப் பாருங்க. அப்பவும் பத்தலன்னா, காருக்கு வேக்யூம் தானே கொடுக்கிற சிஸ்டம் உங்களுக்கு ஒத்துவரும், டுவோவும் ஏர் ஃபோர்ஸ் ஒன்னும் அப்படித்தான். பூஸ்டர் வேலை செய்யறதால இன்ஜின் ஓடும்போது பெடல் எப்படி இருக்குமோ அப்படியே இருக்கும், கம்மி ஃபோர்ஸே போதும்.

பிரேக் லைட் சிக்னலைப் பார்த்து வேலை செய்யற ரகம்னா நேரா போய் மோட்டார்ஹோமுக்கும் காருக்கும் நடுவுல இருக்கிற கேபிளோட பிளக்கைப் பாருங்க. மழையில உப்புல அடிபட்டு பித்தளை பின்ல பச்சை பிடிச்சிருக்கும். பிளக்கைத் துடைச்சு டைஎலக்ட்ரிக் கிரீஸ் வச்சு மாட்டுங்க, மோட்டார்ஹோம் பிரேக்கை ஒருத்தர் அமுக்க இன்னொருத்தர் கார் பக்கம் மீட்டர் வச்சு 12 வோல்ட் வருதான்னு பாருங்க. கிரவுண்ட் ஒயரை மறந்துடாதீங்க, நிறைய பேர் ஹிட்ச் பால் வழியா கிரவுண்ட் கிடைக்குதுன்னு விட்டுடுறாங்க, கிரவுண்டுக்குன்னு தனியா ஒரு ஒயர் போகணும்.

ஏர் ரகம்னா ஏர் லைனோட குயிக் கப்ளர் (ஹோஸை மாட்டுற இணைப்பு) டக்குனு சத்தம் வர்ற வரைக்கும் உள்ள போச்சான்னு பாருங்க. ரெடி ப்ரூட்னா கேபிள் தளர்ந்திருக்கும், அவ்ளோதான்.

அறிகுறி: பிரேக் விடவே மாட்டேங்குது, தீயுற வாசம், ரிம் சூடு

இதைத்தான் நான் ரொம்ப சீரியஸா எடுத்துக்கச் சொல்லுவேன். பிரேக் பிடிக்கலன்னா உங்களுக்கே தெரியும், பிடிச்சிட்டு விடலன்னா 300 குதிரை சக்தி இன்ஜின் முன்னாடி இழுக்கும்போது தெரியவே தெரியாது. கலிஃபோர்னியாவுல ஐ-5 நெடுஞ்சாலை மேல டெஜோன் பாஸ் 4,144 அடி, அங்கேருந்து வடக்குப் பக்கம் இறங்குற கிரேப்வைன் 6 பர்சன்ட் சரிவு, கீழ இறங்கி நிறுத்துற இடத்துல நின்னு பார்த்தா தெரியும், பிரேக் வாசத்தோட வந்து நிக்கிற வண்டிகள்ல பின்னாடி கார் மாட்டினதும் இருக்கும். ஒரு தடவை அப்படி ஒரு கார்ல டயரோட உள்பக்கம் டார்ச் அடிச்சுப் பார்த்தேன், ரோட்டர் ஓரம் நீல நிறமா மாறியிருந்துச்சு, பேட் மேல இருந்த பெயின்ட் சுருண்டு வந்துருந்துச்சு, அந்தக் குடும்பத்துக்கு கீழ இறங்குற வரைக்கும் ஒண்ணுமே தெரியல.

புகை வந்தா தண்ணி ஊத்தாதீங்க, ரோட்டர் விரிசல் விடும். கார்ல ஹேண்ட் பிரேக் போடாம, மோட்டார்ஹோம் பிரேக்ல நிறுத்தி ஆற விடுங்க, ஃபயர் எக்ஸ்டிங்விஷர் பக்கத்துல இருக்கட்டும். ஆறினதுக்கு அப்புறம் காரணத்தைத் தேடலாம்.

நாலு வீலும் சூடா, இல்ல ஒண்ணு மட்டுமா? ஒரு இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் வாங்கி வச்சுக்கங்க, ஒவ்வொரு ஸ்டாப்லயும் நாலு வீலையும் காட்டிட்டு வாங்க, முன் ரெண்டும் பின் ரெண்டைவிட சூடா இருக்கிறது சகஜம். இடது வலது நடுவுல பெரிய வித்தியாசம் இருந்தா அது காரோட கேலிப்பர் (பேடை ரோட்டர் மேல அமுக்குற பாகம்) ஒட்டிக்கிறது, பிரேக் சிஸ்டத்தைக் குறை சொல்லாதீங்க, மெக்கானிக் கிட்ட போங்க. நாலும் ஒண்ணா சூடா இருந்தாத்தான் சிஸ்டம் மேல சந்தேகம்.

சந்தேகத்துல முதல்ல வர்றது, பெடல் லேசா அமுங்கியே இருக்கு. செட் பண்ணி முடிச்சதும் காருக்குப் பின்னாடி நடந்து போய் பிரேக் லைட்டைப் பாருங்க, மோட்டார்ஹோம்ல யாரும் பிரேக்கைத் தொடாதப்ப எரிஞ்சிட்டு இருந்தா பெடல் அமுங்கியிருக்குன்னு அர்த்தம். கிளாம்ப் கம்பியோட நீளத்தைக் குறைங்க, இல்ல சீட்டை ஒரு கிளிக் பின்னாடி தள்ளுங்க. பிரேக் லைட் ஸ்விட்ச்சை கழட்டி வயரிங் பண்ணியிருந்தா லைட் எரியாது, அப்ப கையை வச்சு பெடல்ல கொஞ்சம் சும்மா ஆட்டம் இருக்கான்னு பாருங்க, இருக்கணும்.

அடுத்தது, வேக்யூமைத் தீர்க்காம பொட்டியை மாட்டினது. கார் இன்ஜினை ஆஃப் பண்ணினதும் பூஸ்டர்ல வேக்யூம் மிச்சம் இருக்கும், அப்பவே கிளாம்ப் மாட்டிட்டு கிளம்பினா முதல் ஒண்ணு ரெண்டு பிரேக் பயங்கரமா பிடிக்கும். மாட்டுறதுக்கு முன்னாடி பெடலை நாலஞ்சு தடவை அமுக்கி கல்லாக்கிட்டுத்தான் மாட்டணும், கம்பெனி புக்லயே இது இருக்கும், ஆனா யாரும் படிக்கிறது இல்ல.

எலெக்ட்ரிக் பூஸ்டர் உள்ள கார், உதாரணத்துக்கு ஃபோர்டு மேவரிக் ஹைப்ரிட் மாதிரி, இருந்தா கதை வேற. பெடல் எப்பவும் இளகியே இருக்கிறதால சாதாரண செட்டிங்ல பொட்டி ஒரு தள்ளு தள்ளினா வீல் பூட்டிக்கும். பொட்டியில ஹைப்ரிட் இல்ல ஆக்டிவ் பிரேக் மோடு இருக்கான்னு பாருங்க, இல்லேன்னா அந்தக் காருக்கு அந்தப் பொட்டி வேண்டாம்.

இப்ப மலை இறக்கம். டீசல் புஷர் (பின்பக்கம் டீசல் இன்ஜின் உள்ள மோட்டார்ஹோம்) வச்சிருக்கிறவங்க எக்ஸாஸ்ட் பிரேக் (புகை போற வழியை அடைச்சு இன்ஜினை வச்சே வேகத்தைக் குறைக்கிறது) போட்டுட்டு இறங்குவாங்க, ரொம்ப சரி, ஆனா நிறைய மோட்டார்ஹோம்ல எக்ஸாஸ்ட் பிரேக் ஆன் ஆனதும் பின்னாடி பிரேக் லைட் எரியற மாதிரி வயரிங் இருக்கும். கார்ல இருக்கிறது பிரேக் லைட் சிக்னலை மட்டும் பார்த்து வேலை செய்யற சிஸ்டம்னா, நீங்க பெடல்ல கால் வைக்கவே இல்ல, ஆனா கார் மலை முழுக்க பிரேக் போட்டுட்டே இறங்கும். கொலராடோவுல ஐ-70 நெடுஞ்சாலையில ஐசன்ஹோவர் டனல் 11,158 அடி, அங்கேருந்து டென்வர் பக்கம் இறங்கி முடிக்கிறதுக்குள்ள பேட் காலி. டெஸ்ட் பண்றது சுலபம், எக்ஸாஸ்ட் பிரேக்கை ஆன் பண்ணிட்டு ரோட்டுல ஓட்டும்போது பின்னாடி வர்றவங்களை பிரேக் லைட் எரியுதான்னு பார்க்கச் சொல்லுங்க, இல்ல பேக்கப் கேமராவுல ராத்திரி சிவப்பு வெளிச்சம் தெரியுதான்னு பாருங்க. எரிஞ்சா ரெண்டு வழி. சிக்னல் ஒயரை பிரேக் லைட் லைன்ல இருந்து எடுக்காம, நிஜமான கால் பிரேக் ஸ்விட்ச்சுல இருந்து எடுக்கிறது ஒண்ணு. அது முடியாதுன்னா ஏர் ரகத்துக்கு மாறுங்க, கால் பிரேக் போட்டாத்தான் சர்வீஸ் லைன்ல காத்து போகும், எக்ஸாஸ்ட் பிரேக் எவ்ளோ நேரம் ஓடினாலும் கார் சும்மா வரும். ஏர் பிரேக் மோட்டார்ஹோம் வச்சிருந்து மலைப்பக்கம் போறவங்களுக்கு நான் வேற எதையும் சொல்ல மாட்டேன், காசு கூட ஆனாலும் ஏர்தான்.

இனர்ஷியா சென்சார் (வண்டி வேகம் குறையறதை உணர்ந்து பிரேக் போட வைக்கிறது) பொட்டியிலயும் இறக்கத்துல சிக்கல் உண்டு. 6 பர்சன்ட் சரிவுல வண்டி ஒரே ஸ்பீடுல போனாலும், உள்ள இருக்கிற சென்சாருக்கு அது 0.06 ஜி அளவுக்கு பிரேக் போடுற மாதிரியே தெரியும், அது சாய்வையும் ஸ்பீடு குறையறதையும் பிரிச்சுப் பார்க்கத் தெரியாது. சென்சிட்டிவிட்டியை ஏத்தி வச்சிருந்தா இறக்கம் முழுக்க லேசா கடிச்சிட்டே வரும். சமதரையில லெவல் பண்ணி, சென்சிட்டிவிட்டியைக் குறைச்சு வச்சு, கால்ல நல்லா பிரேக் போட்டா மட்டும் வேலை செய்யற மாதிரி வச்சுக்கங்க. சர்ஜ் ரகத்துலயும் இதேதான், கியரைக் குறைச்சு இன்ஜின் பிரேக்கிங்ல இறங்கும்போது கார் டோ பாரைத் தள்ளிட்டே இருக்கும், கேபிளும் பெடலை இழுத்துட்டே இருக்கும். சமவெளியில ஓட்டுறவங்களுக்கு ரெடி ப்ரூட் ரொம்ப நல்ல சாமான், கரண்ட் வேணாம், கம்ப்ரஸர் வேணாம். நீளமான இறக்கம் நிறைய வர்ற ரூட்டுக்கு அதைத் தேர்ந்தெடுக்கிறதுக்கு முன்னாடி யோசிங்க.

அறிகுறி: குழியில விழுந்தா, பாலம் ஏறினா கார் வெடுக்குனு பிரேக் போடுது

இனர்ஷியா மட்டும் பார்க்கிற சிஸ்டம்ல இது வரும், ரோட்டு ஜாயின்ட்ல முட்டினதை பிரேக்குனு நினைச்சுக்கும். சென்சிட்டிவிட்டியைக் குறைங்க, அதோட மோட்டார்ஹோம் பிரேக் லைட் சிக்னலையும் சேர்த்துப் பார்க்கிற வசதி இருந்தா அதை மாட்டுங்க. ரெண்டும் சேர்ந்து வந்தாத்தான் பிரேக் போடும்னா பொய்யா போடுறது நின்னுரும். டுவோ மாதிரி ரெண்டையும் பார்க்கிறது இந்த விஷயத்துல நிம்மதி. மோசமான ரோட்டுல அதிகம் போறவங்க வாங்கும்போதே இதைக் கேட்டு வாங்குங்க.

அறிகுறி: கேம்ப்கிரவுண்டுக்கு வந்து சேர்ந்ததும் கார் ஸ்டார்ட் ஆகல

ஸ்டீயரிங் பூட்டாம இருக்க சாவியை ஏசிசி-ல (இன்ஜின் ஓடாம கரண்ட் மட்டும் வர்ற நிலை) வச்சிருப்பீங்க, பிரேக் பொட்டி ஓடியிருக்கும், ஒவ்வொரு பிரேக்குக்கும் காரோட பிரேக் லைட்டும் எரிஞ்சிருக்கும். பழைய பல்ப் ஒண்ணு 2 ஆம்பியருக்கு மேல இழுக்கும், ரெண்டு பக்கமும் நடுவுல உள்ளதும் சேர்ந்தா கணக்குப் பாருங்க. நாள் முழுக்க இப்படி ஓடினா பேட்டரி இறங்கிரும்.

இதுல கார் ஸ்டார்ட் ஆகாதது சின்னப் பிரச்சனைதான், ஜம்ப் பண்ணிக்கலாம். வோல்டேஜ் இறங்கினதும் பொட்டி வேலை செய்யறதை நிறுத்திரும், கார் பேட்டரியை நம்பியிருக்கிற பிரேக்அவே ஸ்விட்ச்சும் (கார் கழண்டு போனா தானா பிரேக் போட வைக்கிறது) செத்துரும், உங்களுக்கு முன்னாடி எந்த வார்னிங்கும் வராம போகலாம், அதான் பயம். அதனால பேட்டரி டவுன் ஆன அன்னைக்கு "பேட்டரி பழசு"ன்னு விட்டுடாம, அன்னைக்கு கடைசி நூறு மைல் பிரேக் இல்லாமத்தான் வந்திருக்கோம்னு எடுத்துக்கங்க.

தீர்வு, மோட்டார்ஹோம்ல இருந்து காருக்கு ஒரு சார்ஜ் லைன், நடுவுல சர்க்யூட் பிரேக்கரோட. கேபிள்ல ஒரு பின் காலியா இருந்தா அதுலயே கொண்டு போயிரலாம். இன்விசிபிரேக் தானே கார் பேட்டரியை சார்ஜ் பண்ணிக்கும், அது ஒரு நல்ல விஷயம். கூடவே காரோட ஓனர்ஸ் மேனுவல்ல இழுக்குறதுக்குன்னு சொன்ன ஃப்யூஸை எடுத்தீங்களான்னு பாருங்க. 2014 வரைக்கும் வந்த ஹோண்டா சிஆர்-வி இழுக்குறவங்க மேனுவல்ல சொன்ன கியர் மாத்துற வரிசையையும், 8 மணி நேரத்துக்கு ஒருதடவை இன்ஜினை ஓட்டணும்ங்கிறதையும் விடாம செய்யணும், அது பேட்டரிக்கு மட்டும் இல்ல, டிரான்ஸ்மிஷனுக்கும்தான். 2015-ல சிவிடி (கியர் படி இல்லாத ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன்) வந்ததுக்கப்புறம் அந்தக் காரை நாலு வீல்ல இழுக்கவே கூடாது. செகண்ட் ஹேண்ட் வாங்குறவங்க அந்த வருஷத்தை நல்லா பார்த்துக்கங்க.

அறிகுறி: பிரேக் போடும்போது காரோட இண்டிகேட்டர் மின்னல

பிரேக்குக்கும் திரும்புறதுக்கும் ஒரே சிவப்பு பல்ப் இருக்கிற கார்ல இது வரும். பொட்டி பெடலை அமுக்கினதும் காரோட சொந்த பிரேக் லைட் நிலையா எரிய ஆரம்பிச்சிரும், மோட்டார்ஹோம்ல இருந்து வர்ற மின்னல் அதுல மறைஞ்சு போயிரும். பின்னாடி வர்றவனுக்கு நீங்க திரும்பப் போறது தெரியாது. இழுக்கும்போது மட்டும் காரோட பிரேக் லைட் ஸ்விட்ச்சைத் துண்டிக்கிற ரிலே கிட் கிடைக்குது, அதை மாட்டுங்க, இல்ல லைட் அசெம்ப்ளிக்குள்ள தனி பல்ப் செட் ஒண்ணு போட்டு காரோட வயரிங்கைத் தொடாமலே விட்டுருங்க. டயோடு போட்டதால இது சரியாகும்னு நினைக்காதீங்க, டயோடு கரண்ட் பின்னாடி திரும்பி வர்றதைத்தான் தடுக்கும். பிரேக் லைட் ஸ்விட்ச்சைத் துண்டிச்சா பொட்டி அதை வச்சு மானிட்டருக்கு சிக்னல் அனுப்புற ரகமான்னு மட்டும் முதல்ல பார்த்துக்கங்க.

அறிகுறி: கார்ல வார்னிங் லைட்டு, ஸ்டீயரிங் ஆடுது, பார்க்கிங் பிரேக் தானா போட்டுக்குது

ஸ்டீயரிங் ஆட்டம் பெரும்பாலும் பிரேக் விஷயமே இல்ல. எலெக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங் உள்ள ஜீப் கிராண்ட் செரோக்கில இழுக்கும்போது முன் வீல் ஆடுறதுக்கு மோபார் (ஜீப்போட பார்ட்ஸ் பிரிவு) ஒரு வயரிங் கிட் கொடுத்தாங்க, இழுக்கும்போது ஸ்டீயரிங்குக்கு கரண்ட் போகும்படி பண்றது. டீலர் கிட்ட கேளுங்க. எலெக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக் உள்ள கார்ல ஆட்டோ பார்க் பிரேக்குனு ஒரு செட்டிங் இருக்கும், இழுக்குறதுக்கு முன்னாடி ஆஃப் பண்ணிருங்க, இல்லேன்னா பின் வீல் பூட்டினபடியே ரோட்டுல தேயும். கிளம்பி பத்தடி போய் நிறுத்தி இறங்கி நாலு வீலும் உருளுதான்னு ஒருத்தர் பார்த்தா போதும், டயர் தப்பிச்சிரும்.

அறிகுறி: மோட்டார்ஹோம்ல ஏர் பிரஷர் ஏற மாட்டேங்குது, நிறுத்தி வச்சா சீக்கிரம் இறங்குது

கார் ஏர் லைனைக் கழட்டிட்டு மறுபடி பாருங்க. அப்ப சரியா ஏறினா கசிவு கார் பக்கம் அல்லது கப்ளர்ல. சோப்புத் தண்ணி தெளிச்சா நுரை காட்டிரும். காருக்குக் காத்து எடுக்கிற இடத்துல பிரஷர் ப்ரொடெக்ஷன் வால்வு கண்டிப்பா இருக்கணும், ஹோஸ் அறுந்தாலும் மோட்டார்ஹோமோட டேங்க் காலியாகாம அதுதான் காப்பாத்தும். யாராவது அது தேவையில்லன்னு சொல்லி மாட்டிக் கொடுத்தா வேற இடம் பாருங்க.

அறிகுறி: பிரேக்அவே பின்னை உருவினா ஒண்ணும் நடக்கல

இந்த டெஸ்ட்டை நிறைய பேர் வாங்கின நாள்ல இருந்து ஒரு தடவை கூட பண்ணியிருக்க மாட்டாங்க. மேடில்லாத இடத்துல நிறுத்தி, காரை மாட்டினபடியே பின்னை உருவுங்க, பெடல் உள்ள போய் அப்படியே நிக்கணும். மெதுவா மோட்டார்ஹோமை முன்னாடி நகர்த்தினா கார் இழுத்துப் பிடிக்கணும். பிடிக்கலன்னா முதல்ல கார் பேட்டரி, அடுத்து ஸ்விட்ச்சுக்குப் போற ஃப்யூஸ், அடுத்து ஸ்விட்ச் உள்ள துரு. பம்பருக்குக் கீழ தண்ணியும் உப்பும் படுற இடத்துல அது உக்காந்திருக்கு, சில வருஷத்துல உள்ள இருக்கிற காண்டாக்ட் போயிரும், புதுசு வாங்கிப் போடுங்க, விலை ரொம்ப இல்ல.

கேபிள் எங்க மாட்டியிருக்குன்னும் பாருங்க. டோ பார்லயோ, ஹிட்ச்ல சொருகுற துண்டுலயோ மாட்டியிருந்தா பிரயோஜனமே இல்ல, அந்தத் துண்டே கழண்டு காரோட போனா பின் உருவாது. மோட்டார்ஹோமோட ஃப்ரேம்ல தனியா ஒரு இடத்துல மாட்டணும். முழுசா வளைச்சுத் திருப்பும்போது இழுபடாத அளவுக்கு தளர்வு வேணும், ரோட்டுல உரசற அளவுக்குத் தொங்கக் கூடாது. ரெண்டு பக்கமும் முழு வளைவுல திருப்பி நிறுத்தி இறங்கிப் பார்த்தாத்தான் இது தெரியும். பின்னைத் திரும்ப சொருகினதும் பிரேக் விட்டுருச்சான்னு உறுதி பண்ணிக்கங்க, சில சிஸ்டத்துல ரீசெட் பட்டன் அமுக்கணும்.

வாங்கப் போறவங்க கேக்குற கடைசி கேள்வி

அடிக்கடி கார் மாத்துறவங்க, வருஷத்துல ரொம்பக் கம்மியா போறவங்க பொட்டி ரகம் வாங்கலாம், ஆனா ஒவ்வொரு தடவையும் சீட், மேட், வேக்யூம், பிரேக் லைட் நாலையும் பார்க்கிற பொறுமை வேணும், அதை யார் செய்யப் போறாங்கன்னு வீட்டுல பேசி முடிவு பண்ணிக்கங்க. ஒரே காரை பல வருஷம் இழுக்கப் போறீங்க, ஹைட்ராலிக் பிரேக் பெட்ரோல் மோட்டார்ஹோம்னா நிரந்தரமா மாட்டுறதுதான் என் சாய்ஸ், கேபிளைச் சொருகினா வேலை முடிஞ்சுது. ஏர் பிரேக் வண்டின்னா மேலயே சொல்லிட்டேன். பழைய பொட்டி யாராவது விக்கிறாங்கன்னா வாங்குறதுக்கு முன்னாடி உங்க கார்லயே வச்சு பெடலைத் தள்ள விட்டுப் பாருங்க, அமுக்கிப் பிடிச்சபடி ஒரு நிமிஷம் விடுங்க, உள்ள புஸ்ஸுனு காத்து கசியற சத்தம் கேட்டா சிலிண்டர் சீல் போச்சு, அதுக்கு பார்ட்ஸ் இன்னும் கிடைக்குதான்னு கம்பெனிக்கு போன் போட்டுக் கேட்டுட்டு அப்புறம் விலை பேசுங்க.